காற்றும் பால்மரமும் கற்பிக்கும் ஸபுர்



வரவு குறைந்து கடன் பாக்கி ஏறும்போது, "ஸபுர் செய்யுங்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறுகிறோம். ஆனால் ஸபுர் என்பது பெட்டியடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. அதன் உண்மைப் பொருளை அல்லாஹுத்தஆலா தன் படைப்புகளிலேயே நமக்குப் பாடமாக வைத்திருக்கிறான்.

முதற் பாடம் காற்று. பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர் தென்மேற்குக் காற்றின் துணையால் இந்நாட்டுக்கு வந்தனர். திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்று கிளம்பும் வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் தங்கினர். அவர்கள் காற்றோடு சண்டையிடவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. பாய்களைத் தைத்தனர், பலகை இடுக்குகளை அடைத்தனர், கணக்கைத் தீர்த்தனர், திரும்புகாலுக்குச் சரக்குச் சேர்த்தனர். இவ்வாறு காத்திருக்கத் தெரிந்த சமூகந்தான் பினாங்கில் 1801-ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826-ல் சூலியா பள்ளிவாசலையும் நிறுவியது.

இரண்டாம் பாடம் பால்மரம். நட்ட நாளிலிருந்து ஐந்து முதல் ஏழாண்டுகள் வரை அது ஒரு காசும் தராது. பால் தரத் தொடங்கிய பின்னும் ஆண்டுக்கொரு முறை வறட்சி மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாய் நிற்கும். புதுத்துளிர் முற்றும் வரை பால் குறையும். அது கண்டு மரம் பட்டுவிட்டதென்று எவரும் வெட்டிச் சாய்ப்பதில்லை. குறைந்த பாலை ஈடுகட்டக் கத்தியை ஆழமாக இறக்கினாலோ பட்டை காயப்பட்டு முடிச்சு விழும். பின்னர் அவ்விடத்தில் சீராக வெட்ட முடியாது. மந்த காலத்தில் கடன்பட்ட வாடிக்கைக்காரரைக் கசக்கிப் பிழிகிறவர் இதைச் சிந்திக்க வேண்டும். இல்லாதவனுக்குத் தவணை கொடுப்பது நம் மார்க்கம் கற்பித்த முறையுமாகும்.

மூன்றாம் பாடம் யூசுப் (அலை) அவர்களின் சரித்திரம். ஏழாண்டு செழிப்பு, பிறகு ஏழாண்டு பஞ்சம். செழிப்பின்போது உண்பதற்கு வேண்டியது போக, மற்ற தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கச் சொன்னார்கள். ஆகவே ஸபுர் பஞ்சத்தில் தொடங்குவதில்லை. கல்லா நிறைந்திருக்கும் நாளில் கையை அடக்குவதில் தொடங்குகிறது.

நம் வியாபாரமும் இப்படித்தான் ஏறி இறங்கி வந்திருக்கிறது. 1932-ல் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. 1945-ல் வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டுகள் ஒரே வீச்சில் வெறுங்காகிதமாயின. 2020-ல் நோய் காரணமாகக் கடைவீதிகள் வெறிச்சோடின. ஒவ்வொரு முறையும் மீண்டும் கதவு திறந்தவர்கள் இருந்தனர். திறக்க முடியாமற் போனவர்களும் இருந்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஒரு துறைமுகம் தூர்ந்துபோனால் வேறு துறைமுகம் தேடுவதும் மாலுமியின் கடமையே. நடவாத தொழிலை விட்டு வேறு தொழில் பார்ப்பது ஸபுருக்கு மாறானதன்று.

மாறானது எது? வட்டிக்கு வாங்கி வாயிலில் விளக்குப் போடுவது, தராசில் கைவைப்பது, பழைய சரக்கைப் புதிதென்று விற்பது, வெளியிற் பட்ட நஷ்டத்தின் கோபத்தை வீட்டாரிடம் காட்டுவது. கடை போனால் மீண்டும் கடை வைக்கலாம். நாணயம் போனால் எதை வைத்துக் கடை வைப்பது?

ஆகவே மந்த நாட்களில் பேரேட்டைத் திறந்து பாருங்கள். ஓடாத சரக்கைக் குறையுங்கள். மொத்தக்கடைத் தவுக்கேயிடம் ஒளியாமல் நேரிற் சென்று தவணை கேளுங்கள். ஐவேளைத் தொழுகையைத் தவற விடாதீர்கள். காற்றைத் திருப்புகிறவன் அல்லாஹ். பாயைத் தைத்து வைப்பது நம் வேலை.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் அழகிய பொறுமையையும் ஹலாலான பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.