நாயின் உணவும் பல்லும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாய்க்குப் பால் பற்கள் 28. ஏழு மாதம் நிறைவதற்குள் அவை விழுந்து, நிலையான பற்கள் 42 முளைத்துவிடும். இந்தப் பற்களுக்கு வரும் கேடுகளில் முதலிடம் ஈறு நோய்க்குத்தான். இரண்டு வயதை எட்டும்போதே நூற்றுக்கு 80 நாய்களிடம் அது ஏதோ ஓர் அளவில் காணப்படுவதாக உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் பல் மருத்துவ வழிகாட்டி குறிப்பிடுகிறது.

நோய் தொடங்கும் இடம் பல்லும் ஈறும் சேரும் விளிம்பு. எச்சிலின் புரதங்களும் கிருமிகளும் சேர்ந்து அங்கே வழவழப்பான படலமாகப் படிகின்றன. துடைத்து எடுத்தாலும் 24 மணி நேரத்தில் படலம் திரும்ப உருவாகிவிடும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்க, சில நாளில் மஞ்சளும் பழுப்புமான காரையாக இறுகிவிடும். சொரசொரப்பான காரையின்மேல் புதுப் படலம் எளிதாக ஒட்டும். கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கியதும் ஈறு சிவந்து வீங்கும், ரத்தம் கசியும், கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை.

மலேசியாவில் பத்துமலையைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற பகுதிகளிலும் வீட்டு நாயைப் பிள்ளைபோல் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அன்போடு ஊட்டும் உணவைப் பற்றியே தவறான நம்பிக்கைகளும் நிறைய வழங்கிவருகின்றன. அவற்றுள் முக்கியமானவை கீழே.

நம்பிக்கை 1: வீட்டுச் சோறு பல்லைக் கெடுக்கும், பாக்கெட்டில் வரும் உலர் தீனி பல்லைச் சுத்தமாக்கும்.

உண்மை: சாதாரண உலர் தீனி, பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும். ஈறு விளிம்பை அது உரசுவதே இல்லை. பல நாய்கள் அதை மெல்லாமல் அப்படியே விழுங்குகின்றன. மென்மையான உணவு உண்ணும் நாய்க்குப் படலம் சற்றுக் கூடுதலாகச் சேரலாம் என்பது சரியே. ஆனால் படலம் உருவாக வாயில் உணவு படவே தேவையில்லை. 1965-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் எகல்பர்க், நாய்களுக்குக் குழாய் வழியாக நேரே இரைப்பைக்கு உணவு செலுத்திப் பார்த்தார். அப்போதும் பற்களில் படலம் சேர்ந்தது, ஈறும் அழன்றது. ஆகவே சோற்றை நிறுத்திவிட்டுத் தீனிக்கு மாறினால் மட்டும் பல் பிழைத்துவிடாது.

பல் நலத்துக்கென்றே தயாராகும் தீனி வேறு வகை. அதன் துண்டுகள் பெரியவை. பல் உள்ளே ஆழப் பதியும்வரை உடையாதபடி நார்ச்சத்தோடு செய்யப்பட்டவை. சிலவற்றில், எச்சிலின் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக் காரை இறுகாமல் தடுக்கும் பாஸ்பேட் உப்பும் சேர்ந்திருக்கும். இத்தகைய தீனிகளையும் மெல்லும் பண்டங்களையும் மதிப்பிட 1997-இல் கால்நடை வாய்நல மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனைகளில் நிறுவிய பண்டங்களே அதன் முத்திரையைப் பெறுகின்றன. உறையில் பளிச்சிடும் விளம்பர வாசகத்தைவிட அந்த முத்திரை நம்பத்தக்கது. அதுவும் பல் துலக்குவதற்குத் துணைதானே தவிர, மாற்று அன்று.

நம்பிக்கை 2: இனிப்பு தின்றால் மனிதருக்குப் போலவே நாய்க்கும் பல் சொத்தையாகும்.

உண்மை: நாய்க்குச் சொத்தை அரிது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, நூறு நாய்களில் ஏறக்குறைய ஐந்துக்கே சொத்தை இருந்ததைக் காட்டியது. நாயின் எச்சில் மனித எச்சிலைவிடக் காரத்தன்மை மிகுந்தது. பல்லை அரிக்கும் அமிலத்தை அது தணிக்கிறது. பெரும்பாலான பற்கள் கூம்பாகவும் இடைவெளியோடும் இருப்பதால் உணவு தேங்குவதும் குறைவு. சொத்தை வந்தால், குழியுள்ள தட்டையான பின்கடைவாய்ப் பற்களில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் அதே காரத்தன்மை காரை விரைவாக இறுக வழி செய்கிறது. சொத்தையிலிருந்து காக்கும் எச்சிலே காரைக்கும் துணைபோகிறது.

இதற்காக இனிப்பு தரலாம் என்று பொருளில்லை. நாய் பைரவரின் வாகனம் என்பதால் தேய்பிறை அஷ்டமியில் நாய்களுக்கு உணவிடும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அந்தப் புண்ணியம் நாய்க்கு ஆபத்தாகிவிடக் கூடாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. முந்திரியும் திராட்சையும் கலந்த சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கிரீம் பிஸ்கட்டும் டின் பாலும் உடல் பருமனைக் கூட்டும். காரமோ எண்ணெயோ இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் கொஞ்சம் சோறும் போதும். படைப்பவரின் பக்தி அதனால் குறைந்துவிடாது.

நம்பிக்கை 3: எலும்பைக் கடித்தால் பல் உறுதிப்படும், சுத்தமும் ஆகும்.

உண்மை: பச்சை மாட்டெலும்பைக் கடிக்கும் நாய்களின் பல்லில் காரை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் பயனுக்கு நாய் கொடுக்கும் விலைதான் பெரிது. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல், இறைச்சியைக் கத்தரிக்கும் பெரிய பல். கடினமான எலும்பைக் கடிக்கும்போது அதன் வெளிப்புறம் பட்டையாகப் பிளந்துவிடும். பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ் வெளியே தெரியுமளவு பிளந்தால் கிருமி வேர்வரை இறங்கும். பல்லைப் பிடுங்க வேண்டும், அல்லது வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும்.

வெந்த எலும்பு இன்னும் கெட்டது. மட்டன் பிரட்டலில் மிஞ்சிய எலும்பும், கறிக்கோழியின் எலும்பும், கிள்ளானின் பாக் குட் தே சட்டியில் நெடுநேரம் வெந்த விலா எலும்பும் கூரிய சில்லுகளாக உடையும். அவை ஈறில் குத்தும், தொண்டையில் சிக்கும், குடலைக் கிழிக்கவும் கூடும். குழம்பில் கலந்த வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

தைப்பூசத் தேர் வழியில் உடைபடும் தேங்காயின் ஓடு, மான் கொம்பு, ஐஸ்கட்டி ஆகியவையும் பல்லை உடைக்கும் அளவு கடினமானவை. கடிக்கத் தரும் பொருளை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் சற்றும் பதியாவிட்டால் அதை நாய்க்குத் தரக் கூடாது.

நம்பிக்கை 4: தெரு நாய்க்கும் காட்டு நாய்க்கும் யார் பல் துலக்குகிறார்கள்? அவற்றின் பல் நன்றாகத்தானே இருக்கிறது.

உண்மை: இல்லை. வேட்டையாடி எலும்போடு தின்று வாழும் ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999-இல் ஓர் அறிக்கை வெளியானது. அவற்றில் காரை மிகக் குறைவு. ஆனால் பத்தில் நான்கில் பல்லைத் தாங்கும் எலும்பை ஈறு நோய் அரித்திருந்தது; ஏறக்குறைய பாதியில் பற்கள் உடைந்திருந்தன. காரை இல்லாததால் மட்டும் வாய் ஆரோக்கியமாக இருந்துவிடவில்லை. தெரு நாயின் வாயை நாம் திறந்து பார்ப்பதில்லை; அதனால் நோய் நம் கண்ணில் படுவதில்லை.

தெருவில் பிறந்த சில நாய்களின் பற்களில் பள்ளமும் பழுப்புக் கறையும் தென்படும். அதற்குத் தின்ற குப்பையைக் குறை சொல்வார்கள். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் நோய் கண்டு பிழைத்த நாய்க்கு எனாமல் சரியாக உருவாகாமல் போவதும் அதற்கு ஒரு காரணம். அதைத் தடுக்க உணவால் முடியாது, தடுப்பூசியால் முடியும்.

நம்பிக்கை 5: குட்டிக்கு வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் பல்லும் எலும்பும் வலுவாகும்.

உண்மை: நேர்மாறானது நடக்கும். நாயின் உணவில் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது இருக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சியிலோ கால்சியத்தைப்போல் பதினைந்து மடங்கும் அதற்கு மேலும் பாஸ்பரஸ் உள்ளது. சோறும் இந்தக் குறையை ஈடு செய்யாது. இதே உணவு தொடர்ந்தால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை நிரப்ப உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கும். தாடை எலும்பு இதில் பெரிதும் பாதிக்கப்படும். அது ரப்பர்போல் இளகி, நல்ல பற்கள்கூட ஆடத் தொடங்கும். உணவு நேரடியாகப் பல்லைப் பாதிக்கும் மிகத் தெளிவான இடம் இது. வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புவோர், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற கால்சிய அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வளரும் பெரிய இனக் குட்டிக்கு அளவு மிஞ்சிய கால்சியமும் தீங்கு.

நம்பிக்கை 6: நாயின் வாய் நாறுவது இயல்பு, கருவாடோ மீனோ தின்றிருக்கும்.

உண்மை: உணவின் வாடை சில மணி நேரத்தில் போய்விடும். நாள்தோறும் வீசும் நாற்றம் ஈறுக்கு அடியில் வாழும் கிருமிகள் வெளியிடும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. பல வீடுகளில் ஈறு நோயை முதலில் அறிவிப்பது அந்த நாற்றமே. ஷி சூ, பொமரேனியன், பூடில் போன்ற சிறிய இனங்களின் குறுகிய தாடையில் பற்கள் நெருக்கமாக இருப்பதால் நோய் இன்னும் முன்னதாகத் தொடங்கும்.

நம்பிக்கை 7: நன்றாகச் சாப்பிடுகிறது, ஆகவே பல் வலி இல்லை.

உண்மை: பசி வலியை மிஞ்சும். பல் உடைந்த நாயும் சீழ் கட்டிய நாயும் தட்டைக் காலி செய்துவிடும். ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயிலிருந்து உணவு நழுவுதல், விளையாட்டுப் பொருளைக் கடிக்க மறுத்தல், முகத்தைத் தொட விடாமை, கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவையே அடையாளங்கள். கண்ணுக்குக் கீழே வரும் வீக்கம் பெரும்பாலும் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லின் வேரில் கட்டிய சீழ். மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டம், ஏற்ற உணவு தருவதையும் வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதையும் வளர்ப்பவரின் கடமையாக வைத்திருக்கிறது. வாயில்லா உயிரின் பல் வலியும் அந்தக் கடமைக்கு உட்பட்டதே.

நம்பிக்கை 8: உப்போ நம் பற்பசையோ போட்டுத் தேய்த்தால் போதும், முற்றிய காரையைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

உண்மை: மனிதருக்கான பற்பசையை நாய் துப்பாது, விழுங்கிவிடும். அதில் உள்ள ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்கு ஆகாதவை. சைலிட்டால் இருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உப்பு ஈறைப் புண்ணாக்கும். நாய்க்கென்று விற்கும் பசையும் மென்மையான பிரஷ்ஷும் போதுமானவை. தினமும் ஒரு முறை, கன்னத்தைப் பார்த்த வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தாலே பெரும் பயன் கிடைக்கும். குட்டியாக இருக்கும்போதே விரலால் ஈறைத் தடவிப் பழக்கினால், வளர்ந்தபின் பிரஷ்ஷுக்கு எதிர்ப்பு இராது.

காரை இறுகிவிட்டால் பிரஷ் அதை எடுக்காது. விழித்திருக்கும் நாயைப் பிடித்து வைத்துச் சுரண்டினால் வெளியே தெரியும் பல் மட்டும் வெளுக்கும்; நோய் இருக்கும் ஈறடி அப்படியே கிடக்கும். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, பல்லை வழவழப்பாக்குவதே முறையான சிகிச்சை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் விலங்கு மருத்துவமனைகள் பல உள்ளன. செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிக்குச் செல்லும்போதே வாயையும் சோதிக்கச் சொன்னால், எலும்பு கரையும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.