எழுத்தாணிப்பூண்டு: மணலில் ஓடும் தண்டும் காற்றில் பறக்கும் விதையும்



கடற்கரை மணலில் ஒரு செடி பிழைத்திருப்பது எளிதன்று. நண்பகலில் மணல் கொதிக்கிறது, பெய்த மழை நிற்காமல் கீழிறங்கிவிடுகிறது, காற்று நேற்று இருந்த மேட்டை இன்று வேறிடத்தில் குவிக்கிறது. அத்தகைய மணலில், அடும்புக்கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் அருகே, தரையோடு ஒட்டிப் படர்ந்து மஞ்சள் நிறத்தில் பூக்கும் எழுத்தாணிப்பூண்டு சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. லௌனியா சார்மென்டோசா என்பது அதன் அறிவியல் பெயர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரையுள்ள கரைகளில் வளரும் இப்பூண்டு தமிழகக் கரையிலும் இலங்கையிலும் காணப்படுகிறது.

இதன் தண்டு வல்லாரையின் தண்டைப் போலத் தரையில் நீண்டு ஓடுவதால் ஓடுதண்டு எனப்படுகிறது. தண்டில் இலை தோன்றும் இடமாகிய கணு ஒவ்வொன்றும் கீழே வேர்விட்டு, மேலே வட்டமாக இலைகளை அடுக்குவதால், ஓரிடத்தில் தண்டு அறுந்தாலும் எஞ்சிய கணுக்களால் தனித்தனிச் செடிகளாக வாழ முடிகிறது. அவ்வேர்களும் தண்டுகளும் மணலையும் ஓரளவு நகராமல் பிடித்துக்கொள்கின்றன.

இலையைக் கிள்ளினால் பால் கசியும். பூவென்று கண்ணுக்குத் தெரிவதோ ஒரு பூவன்று; பல சிறுமலர்கள் ஒரே தளத்தில் நெருங்கி அமைந்த சிரமஞ்சரி என்னும் பூங்கொத்து அது. இதழ் எனத் தோன்றும் ஒன்றை மெல்ல உருவி நுனியைப் பார்த்தால் ஐந்து சிறு பற்கள் தெரியும். ஐந்து இதழ்கள் இணைந்து ஒரு பட்டையானதற்கு அவையே சான்று. மகரந்தப்பைகள் ஐந்தும் ஒட்டிக் குழாயாகி இருக்க, சூல்தண்டு அதனூடே வளர்ந்து மகரந்தத்தை வெளியே தள்ளிய பின்னரே நுனி இரண்டாகப் பிளந்து, பிற மலரின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது.

பூ முதிர்ந்ததும் ஒவ்வொரு சிறுமலரும் ஒற்றை விதையுள்ள உலர்கனியாகிறது. அதன் தலையில் வெண்மயிர்க் குச்சம் விரிவதால் காற்று அதனைத் தூக்கிச் செல்கிறது. ஆகவே, அருகிலுள்ள மணலுக்கு ஓடுதண்டும் தொலைவிலுள்ள மணலுக்கு விதையும் என இருவழிப் பரவல் இப்பூண்டுக்கு வாய்த்திருக்கிறது.

இப்பூண்டு உணவாகவும் பயன்படுகிறது; மாலத்தீவில் குள்ஹஃபிலா எனப்படும் இதன் இலையை நறுக்கி, தேங்காய்த் துருவலும் மீனும் சேர்த்து உண்கின்றனர்.

கரையில் இப்பூண்டைக் காண நேர்ந்தால் பிடுங்க வேண்டியதில்லை. கணுவுக்கு அடியில் மணலை விரலால் சற்று விலக்கி, வேரைப் பார்த்தபின் மீண்டும் மூடிவிடுவதே போதுமானது.