டைரக்டரியில் பெயர் கொடுக்கும் முன்

தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே ஒரு எக்செல் பட்டியலை நீட்டுவார்கள். ஐந்நூறு டைரக்டரிகள், எல்லாவற்றிலும் வாடிக்கையாளரின் தளத்தைச் சேர்த்துவிடு என்பார்கள். அந்தப் பட்டியலில் பத்து தேறினால் பெரிது. அந்தப் பத்தைப் பொறுக்கி எடுக்கத் தெரிவதுதான் தொழில். அதற்குச் சில யோசனைகள்.

1. டைரக்டரிக்கு மதிப்பு எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கி வைத்த பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. 1998-இல் தொடங்கிய டிமாஸ் டைரக்டரி, தன்னார்வ ஆசிரியர்களின் உழைப்பில் நடந்தது. அதன் பட்டியலைக் கூகுளே எடுத்துத் தன் டைரக்டரியாக வைத்திருந்தது. ஒரு மனிதர் தளத்தைத் திறந்து பார்த்து, “இது சேரலாம்” என்று தீர்மானித்தார் அல்லவா, மதிப்பு அந்தத் தீர்மானத்துக்குத்தான். யாஹூ வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கியபோதும் அது பரிசீலனைக் கட்டணமே. பணம் கட்டியவர் எல்லாரும் உள்ளே போய்விடவில்லை. யாஹூ டைரக்டரி 2014 இறுதியிலும் டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. அவற்றின் பெயரைச் சொல்லி இன்றும் யாராவது இடம் விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

2. அந்த டைரக்டரிக்கு மறுக்கத் தெரியுமா என்று பாருங்கள். இந்த ஒன்றைச் சரியாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. “உடனடி ஒப்புதல்” என்று முகப்பிலேயே எழுதியிருந்தால் அங்கே வாசலில் ஆளே இல்லை என்று பொருள். எழுதவில்லை என்றால் உங்கள் பிரிவுக்குள் போய், கடைசியாகச் சேர்ந்த பத்துத் தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். உதாரணமாக, பம்ப்செட் பிரிவில் ரம்மி விளையாட்டும், கடன் ஆப்பும், எடை குறைக்கும் மாத்திரையும் உட்கார்ந்திருக்கின்றனவா? எத்தனை இணைப்புகள் செத்துக் கிடக்கின்றன? தள விவரங்களை யாராவது திருத்தி ஒரே நடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா, அல்லது விளம்பர வாசகம் அனுப்பியபடியே கிடக்கிறதா? பராமரிப்பவர் இருக்கும் இடத்தில் அவருடைய கைத்தடம் தெரியும். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் நீங்கள் சேர்ந்ததற்கு எந்த மதிப்பும் இல்லை.

3. கூகுளில் தேடிப் பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் டைரக்டரியின் முகவரியை இடுங்கள். முகப்பு மட்டும் வந்தால் போதாது. உங்கள் பெயர் இடம்பெறப்போகும் பிரிவின் பக்கமும் வர வேண்டும். கூகுள் பட்டியலில் இல்லாத பக்கத்திலிருந்து வரும் இணைப்பைக் கூகுள் கணக்கில் எடுக்க வழியில்லை. டைரக்டரியின் பெயரை அப்படியே தேடியும் அதன் முகப்பு வரவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

4. முகப்பிலிருந்து உங்கள் பிரிவுக்கு எத்தனை கிளிக்கில் போகலாம் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று கிளிக் என்றால் நல்லது. தளத்தின் தேடல் பெட்டியில் தட்டினால் மட்டும் தெரியும் பக்கம் கூகுளின் கண்ணில் படுவது கடினம், வாசகர் கண்ணிலும் படாது.

5. மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூகுள் வெளியே காட்டிவந்த பேஜ்ரேங்க் எண் 2016-இல் நின்றுபோனது. இன்று எல்லாரும் சொல்லும் டி.ஏ. (டொமைன் அத்தாரிட்டி) மோஸ் நிறுவனத்தின் கணிப்பு, டி.ஆர். (டொமைன் ரேட்டிங்) ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் கணிப்பு. இரண்டும் கூகுளின் எண்கள் அல்ல. பழைய நல்ல தளத்தின் காலாவதியான டொமைனை வாங்கி, அதன்மேல் டைரக்டரி கட்டினால் எண் பெரிதாகத்தான் தெரியும். முன்பு அந்த முகவரியில் என்ன இருந்தது என்று இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பாருங்கள். பள்ளிக்கூடத் தளம் திடீரென்று டைரக்டரியாக மாறியிருந்தால் கதை புரிந்துவிடும்.

6. பணம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். பார்த்துச் சொல்வதற்கான கட்டணம் வேறு, இணைப்புக்கான விலை வேறு. தரவரிசைக்காக இணைப்பை விற்பதும் வாங்குவதும் கூகுள் விதிக்கு விரோதம். காசு கொடுத்துப் பெறும் இணைப்பில், அதைத் தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்ட்’ அல்லது ‘நோஃபாலோ’ குறி இருக்க வேண்டும். “எங்களிடம் குறி இல்லாத சுத்தமான இணைப்பு கிடைக்கும், விலை இவ்வளவு” என்பவர் உங்களுக்கு விற்பது தலைவலியை.

7. இணைப்பின் வாசகமாக நிறுவனத்தின் பெயரையே கொடுங்கள். “மலிவு விலை பம்ப்செட் கோயம்புத்தூர்” என்று நூறு இடத்தில் ஒரே சொற்றொடரை ஒட்டுவது இயல்பாக நடக்கும் காரியம் அல்ல. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் இறக்கிய பெங்குவின் என்ற அல்காரிதம், இப்படிச் செயற்கையாக இணைப்பு சேர்த்த தளங்களைத்தான் கீழே தள்ளியது. தரமற்ற டைரக்டரி இணைப்புகளைக் கூகுளின் ஸ்பேம் கொள்கை இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

8. “எங்கள் தளத்துக்கு இணைப்புள்ள பேட்ஜை உங்கள் முகப்பில் வையுங்கள், உங்களைச் சேர்க்கிறோம்” என்பவர்களுக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். மொய்க்கு மொய் கல்யாண வீட்டுக்குச் சரி. இங்கே இரண்டு பக்க நோட்டையும் கூகுள் படிக்கிறது.

9. வாங்குபவர் தேடிவரும் டைரக்டரிகளை விடாதீர்கள். தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், வர்த்தகச் சபையின் பக்கம், 1996-இல் தொடங்கிய ஜஸ்ட்டயல், இண்டியாமார்ட் போன்றவை இந்த ரகம். இங்கே இணைப்பு ‘நோஃபாலோ’வாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், விசாரிக்கும் அழைப்பு வந்தால் அதுவே லாபம். கூகுள் மேப்பில் தெரியும் பிசினஸ் புரொஃபைலில் தொடங்கி எல்லா இடத்திலும் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓரிடத்தில் கோவை, இன்னோரிடத்தில் கோயம்புத்தூர், மூன்றாமிடத்தில் பழைய கைப்பேசி எண் என்று இருந்தால் வாடிக்கையாளர் குழம்புவார். எங்கே எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடை இடம் மாறும்போது அந்தத் தாளின் அருமை தெரியும்.

10. ஏற்கெனவே குப்பை இணைப்புகள் சேர்ந்திருந்தால் பதறாதீர்கள். 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின் அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பிழக்கச் செய்துவிட்டு நகர்கிறது. கூகுளின் சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே செயற்கை இணைப்பு பற்றிய அறிவிப்பு இருந்தால் நீக்கச் சொல்லி டைரக்டரிக்காரருக்கு எழுதுங்கள். நீக்காதவற்றை, ‘இவற்றைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் கொடுங்கள். அறிவிப்பு இல்லை, காசு கொடுத்து மொத்தமாக இணைப்பு வாங்கிய பழக்கமும் இல்லை என்றால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். அவசரத்தில் நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். “உங்கள் தளத்தில் நச்சு இணைப்புகள் உள்ளன, உடனே சுத்தம் செய்து தருகிறோம்” என்று வரும் மின்னஞ்சலுக்குப் பணம் கட்டும் முன் சர்ச் கன்சோலின் அந்தப் பகுதியை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை.