சிற்றூர்ப் பள்ளியில் ஒரு மணி நேரம்

பல ஆண்டுகளுக்கு முன், வட மாநிலம் ஒன்றில் சிற்றூர்த் தொடக்கப் பள்ளியொன்றை ஆய்வுக் குழுவினருடன் பார்வையிட நேர்ந்தது. இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்திப் பாடத்தைத் தடையின்றி வாசித்துக் காட்டினாள். புத்தகத்தைப் புரட்டி வேறொரு பக்கத்தைக் காட்டியபோது அவள் தலை குனிந்து நின்றாள். பாடம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்ததே தவிர, எழுத்துகள் அவளுக்கு வசப்படவில்லை. எங்கள் ஆய்வுப் படிவத்தில் கட்டடம், குடிநீர், மதிய உணவு, பாடநூல், வருகை ஆகிய அனைத்துக்கும் இடமிருந்தது. அச்சிறுமியின் மௌனத்தைக் குறிக்க இடமில்லை. 'திருப்திகரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

சிறிய கிராமப் பள்ளியில் பின்தங்கிய மாணவர்களை முன்னேற்றுவது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடை காண, இம்மௌனத்தின் காரணத்தை முதலில் ஆராய வேண்டும்.

இடுபொருளும் விளைபயனும்

தொடக்கக் கல்விக்காக நம் நாடு செய்துள்ள முயற்சிகள் சிறியவை அல்ல. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என வகுத்தது. 1995இல் மதிய உணவுக்கான தேசியத் திட்டம் வந்தது. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அறுபது மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது அச்சட்டத்தின் அளவுகோலாகும்.

இவற்றின் பயனாகப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டனர். ஆயினும் வந்தவர் யாவரும் கற்றுவிடவில்லை. கிராமப்புறங்களில் வீடு வீடாக நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்கக் கூடியவர்கள் 2022இல் 16.3 விழுக்காட்டினர், 2024இல் 23.4 விழுக்காட்டினர். முன்னேற்றம் உண்மையே. எனினும் நால்வரில் மூவர் இன்னும் வெளியே நிற்கின்றனர் என்பதும் உண்மையே.

பின்தங்கல் ஏன் தொடர்கிறது?

பாடநூல் ஆண்டுதோறும் முன்னேறுகிறது. குழந்தை நின்ற இடத்திலேயே நின்றுவிடக்கூடும். அறுவடைக் காலத்தில் தம்பி தங்கையரைக் கவனிக்க வீட்டில் தங்கிய பிள்ளை, பிழைப்புத் தேடிச் சென்ற பெற்றோருடன் வெளியூர் சென்று திரும்பிய பிள்ளை, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் கேட்கும் பிள்ளை ஆகியோர் எழுத்தறியாமலே மூன்றாம் வகுப்பை அடைகின்றனர். அதன் பின் எழுத்துக் கற்பிப்பது யாருடைய கடமையும் அன்று. ஆசிரியரின் கடமை பாடத்திட்டத்தை முடிப்பதாகிவிடுகிறது.

பொருளியல் நோக்கில் இதன் விளைவு தெளிவானது. வாசிக்க இயலாத மாணவன் மீது நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் செலவிடப்படும் ஆசிரியர் ஊதியமும் பாடநூல் செலவும் உரிய பலனைத் தருவதில்லை. இடுபொருளைக் கூட்டுவதால் மட்டும் இக்குறை நீங்காது.

இரு மாநிலங்களின் அனுபவம்

தன்னார்வ நிறுவனமான பிரதம், வகுப்பை விடுத்து வாசிப்பு நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கியது. பொருளியல் ஆய்வாளர்கள் அதனைப் பல மாநிலங்களில் சோதித்தனர். அவற்றுள் இரண்டு, நிர்வாகிகள் கருத்தில் கொள்ளத்தக்கவை.

பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில், 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இம்முறையில் முகாம் நடத்தினர். பிள்ளைகள் முன்னேறினர். பள்ளி திறந்தபின், பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் வழங்கப்பட்ட ஆசிரியர்கள் வழக்கமான பாடவேளைக்குத் திரும்பினர். தன்னார்வலர் துணையின்றி இவை மட்டும் வழங்கப்பட்ட பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆசிரியரின் திறமை குறையவில்லை. அத்திறமைக்கென ஒதுக்கப்பட்ட நேரம் மறைந்துவிட்டது.

ஹரியானாவில் 2012-13இல் இப்பாடம் பின்பற்றப்பட்டது. ஆய்வுக்குட்பட்ட எல்லாப் பள்ளிகளிலும் வேலை நேரம் ஒரு மணி கூட்டப்பட்டது. ஆனால் ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும், அந்நேரத்தில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் வாசிப்பு நிலைப்படி அறை மாற்றி அமர்த்தப்பட்டனர். மேற்பார்வையிட வேண்டிய வட்டார அலுவலர்கள், முதலில் 15 முதல் 20 நாள்கள் வரை தாங்களே பள்ளிகளில் இம்முறையில் கற்பித்துப் பார்த்தனர். பயிற்சி இந்தி வாசிப்பையே மையமாகக் கொண்டிருந்தது. முன்னேற்றமும் இந்தியிலேயே தெரிந்தது. நேரத்தைக் கூட்டியது மட்டுமன்று, அந்நேரம் எதற்கென வரையறுத்ததே பயன் தந்தது.

இரண்டு ஆசிரியர் பள்ளியில் செயல்முறை

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பள்ளியில் 36 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் இரு வகுப்புகளில் 14 பேர். மற்ற மூன்று வகுப்புகளில் 22 பேர். இந்த 22 பேரையும் தனித்தனியே அழைத்து, எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்ற வரிசையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சில நிமிடங்களே ஆகும். மூவருக்கு எழுத்தே தெரியாது. அறுவர் எழுத்து மட்டும் அறிவர். எழுவர் சொற்களையும், நால்வர் பத்தியையும், இருவர் கதையையும் வாசிப்பர் என்று வைத்துக்கொள்வோம்.

நாள்தோறும் ஒரு மணி நேரம், முதல் ஒன்பது பேரும் சிறு வகுப்புப் பிள்ளைகளுடன் சேர்ந்து ஓர் ஆசிரியரிடம் எழுத்தும் சொல்லும் பயில்வர். எஞ்சிய 13 பேர் மற்றவரிடம் வாசிப்பும் எழுத்துப் பயிற்சியும் பெறுவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சிறுவருடன் அமர நாணக்கூடும். எனவே அக்குழுவுக்கு வகுப்புப் பெயரோ 'மந்த மாணவர்' என்ற பெயரோ இடலாகாது. சில வாரங்களுக்கு ஒரு முறை மீண்டும் சோதித்து, முன்னேறியவரை உடனே மேல் குழுவுக்கு மாற்றுவதே அந்நாணத்துக்கு மருந்து.

பெரிய பள்ளியில் இத்தகைய மாற்றத்துக்குப் பல ஆசிரியர்களின் இசைவு வேண்டும். இங்கோ இருவர் கூடிப் பேசினால் போதும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குடும்ப நிலையும் அவர்கள் அறிந்தவையே. பல வகுப்புகளை ஒருங்கே நடத்துவது குறையென எண்ணப்படும் பள்ளியில், அதுவே வசதியாகவும் அமையக் கூடும். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பிள்ளைகளை வாசிக்கச் செய்தால், எழுத்தறியாத தாயும் தன் குழந்தையின் முன்னேற்றத்தைக் காதால் அறிவாள்.

அலுவலரின் பங்கு

2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வு பார்வையிட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் மாணவர் எண்ணிக்கை அறுபதுக்கும் குறைவு. ஆகவே சிறிய பள்ளி விதிவிலக்கன்று. தலைக்குச் செலவு அதிகம் என்னும் கணக்கை மட்டும் கொண்டு இப்பள்ளிகளின் எதிர்காலத்தை முடிவு செய்வது முழுமையான பொருளியல் ஆகாது. அச்செலவில் எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றனர் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

2021 ஜூலையில் தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற 2026-27ஆம் கல்வியாண்டை இலக்காகக் குறித்தது. இத்தகைய இலக்கு பள்ளியின் கால அட்டவணையில் இடம்பெற்றாலன்றி நிறைவேறாது. பள்ளிக்குச் செல்லும் அலுவலர் மூன்று செயல்களைத் தவறாது செய்யலாம். ஒதுக்கிய நேரம் உண்மையில் நடைபெறுகிறதா எனக் காண வேண்டும். குழுப் பட்டியல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது எனக் கேட்க வேண்டும். ஐந்து பிள்ளைகளையேனும் அவர்கள் பயிலாத பக்கமொன்றை வாசிக்கச் செய்து, அதன் முடிவைப் படிவத்தில் எழுத வேண்டும்.

அன்று எங்கள் படிவத்தில் இல்லாத அந்த ஒரு வரி இருந்திருப்பின், அச்சிறுமி பள்ளியை விட்டுச் செல்லுமுன் அவளுக்கு எழுத்துக் கற்பிக்க இன்னும் சில மாதங்கள் எஞ்சியிருந்தன.