பொரபொரப்பான பிரெட் தூள்

கேள்வி: கட்லெட்டுக்கு ஜப்பானிய 'பாங்கோ' தூள்தான் மொறுமொறுப்பு என்கிறார்களே, வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, கிணத்துக்கடவு

பதில்: தாராளமாக. ஜப்பானில் மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி, ஓரம் சிவக்காத ரொட்டி செய்து துருவுகிறார்கள். நமக்கு பேக்கரி வெள்ளை பிரெட், ஒருநாள் பழசானது, போதும். ஓரத்தை வெட்டிவிட்டு, துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். மிக்ஸி வேண்டாம், மாவாகிவிடும். ஓவனில் 120 டிகிரியில், அல்லது வாணலியில் சிறு தீயில், ஈரம் போகும்வரை வையுங்கள், சிவக்கக் கூடாது. கையில் அள்ளினால் சரசரக்க வேண்டும். மொட்டைமாடியில் காயப்போட்டால், உங்கள் ஊர் ஆடிக்காற்று பொள்ளாச்சி ரோடு வரை கொண்டுபோய்விடும்!

கட்லெட்டை மைதாக் கரைசலில் முக்கி, தூளில் புரட்டி, லேசாக அழுத்துங்கள். எண்ணெய் நன்றாகக் காயட்டும். இல்லாவிட்டால் தூள் எண்ணெய் குடிக்கும். மீந்ததை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.