குளிரில் விழாத கியர்: பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை



சரக்குக் கொள்முதலில் மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் கேள்வி கேட்கிற நாம், அந்தச் சரக்கை ஏற்றிப் போகும் வண்டி படுத்துவிட்டால் மட்டும் மெக்கானிக் சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். வண்டியைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதுதான் காரணம். எல்லாம் தெரிய வேண்டியதில்லை. பழைய வேனில் காலைக் குளிரில் கியர் இறுகுவது என்ற ஒரு சங்கதியை மட்டும் இங்கே எழுதுகிறோம். உதகையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கு இது பட்டு அறிந்த பாடம்.

2022 டிசம்பரில், உறைபனி விழுந்த ஒரு வாரம். 2009இல் வாங்கிய எங்கள் டெலிவரி வேன். "முதலாளி, காலையில செகண்டு விழமாட்டேங்குதுங்க, கையே வலிக்குதுங்க" என்று ஓட்டுநர் சொன்னார். நாங்கள் காதில் வாங்கவில்லை. ராடை முரட்டுத்தனமாக இழுத்து ஓட்டுகிறாய் என்று கடைப் பையன்கள் முன்னாலேயே கடிந்து கொண்டோம். மெக்கானிக்கோ வண்டியைத் தொட்டுப் பார்க்காமலேயே, "பெட்டியை இறக்கணும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்.

மலைப்பாதையில் இது கைவலியோடு போகிற காரியம் அல்ல. உதகையிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இறங்கும் வண்டியைக் கியர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது ராடு நியூட்ரலில் நின்றுவிட்டால், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்தால் பிறகு என்ன ஆகும் என்பதை மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்பேனர் கூடத் தேவையில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், சூடேறும் முன் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் ஓட்டிப் போவதற்குள் சூடாகி, "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

முதலில் சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினைப் போடாமலேயே கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் மட்டும் இடித்து நின்றால் அது குற்றமல்ல, பல்லுக்குப் பல் நேராக நிற்கலாம். வேறொரு கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் விழும். எல்லாக் கியருமே இறுக்கம் என்றால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, ராடிலிருந்து பெட்டி வரை போகும் கம்பி அல்லது கேபிளில் இருக்கும். புஷ்களில் உள்ள பழைய கிரீஸ் குளிரில் மெழுகு போல உறைந்திருக்கும், அல்லது கேபிள் உறைக்குள் தண்ணீர் போய்த் துரு ஏறியிருக்கும். பெட்டியின் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, அங்குள்ள நெம்பைக் கையால் அசைக்கச் சொல்லுங்கள். அது இலகுவாக அசைந்தால் பெட்டியின் மேல் பழி இல்லை.

இன்ஜின் நிற்கும்போது எளிதாக விழுகிற கியர், இன்ஜின் ஓடும்போது நின்ற இடத்திலேயே முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மறுத்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். கிளட்சை மிதித்தபடி நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கரகரவென்றால் சந்தேகமே வேண்டாம். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். ஆயில் கிளட்ச் என்றால் கிண்ணத்தில் அளவு குறைந்திருக்கிறதா, கீழ் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கும் கியர் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் வண்டி இந்த இரண்டிலும் தேறிவிட்டது. நின்ற இடத்தில் எல்லாம் சரியாக விழுந்தது. ஓடும்போதுதான் செகண்ட் மறுத்தது, அதுவும் முதல் நாலைந்து கிலோமீட்டர் வரைதான். இப்படி இருந்தால் ஆயிலைப் பாருங்கள்.

பெட்டிக்குள் முன்னோக்கி ஓட்டும் கியர்களுக்குப் பொதுவாக ஒரு பித்தளை ரிங் உண்டு. வேகம் வேறான இரண்டு பல் சக்கரங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. உரச வேண்டுமானால் நடுவில் உள்ள ஆயில் படலம் விலக வேண்டும். குளிரில் கெட்டியான ஆயில் விலகாது, ரிங் வழுக்கும், ராடு காத்திருக்கும். அந்த நேரத்தில் பலவந்தம் செய்தால் ரிங்தான் தேயும். கீழ்க் கியர்களில் வேக வித்தியாசம் அதிகம் என்பதால் செகண்ட் முதலில் முரண்டு பிடிக்கிறது.

டப்பாவில் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 என்று எழுதியிருப்பதில் டபிள்யூ போட்ட எண் குளிருக்கானது. அது சிறிதாக இருந்தால் குளிரிலும் ஆயில் நன்றாக ஓடும். ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்றும் இருக்கும். பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஜி.எல்.-5 கிரவுன் போன்ற பாரம் தாங்கும் பற்களுக்கானது. அதில் சில, பித்தளை ரிங்குக்கு ஒத்துவராது. வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

எங்கள் பெட்டியில் இருந்தது லாரிக் கிரவுனுக்கு ஊற்றும் 140. ஊற்றச் சொன்னது ஓட்டுநர் அல்ல, நாங்கள். 2021இல் கொடவுனில் மீந்து கிடந்த டின்னை வீணாக்குவானேன் என்று கொடுத்தது நினைவுக்கு வந்தபோது, கல்லாவில் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

ஆயில் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. வடிக்கும் பிளக்கைத் தொடுமுன், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருவேறி வராமல் போய், இருந்த ஆயிலையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடித்தால் அடிக் கசடும் சேர்ந்து வரும். வடித்ததில் மஞ்சள் பொடி லேசாக மினுங்கினால் பழைய வண்டிக்கு அது இயல்பு. துண்டு துண்டாகப் பித்தளையோ, எஃகுச் சில்லோ வந்தால்தான் பெட்டியை இறக்கும் பேச்சு. புது ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியாக இருக்கும், வண்டி மட்டம் சாயாமல் நிற்க வேண்டும்.

எங்களுக்கு ஆயிலும் கூலியுமாக இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. அன்று மாலையே ஓட்டுநரை அழைத்து, தவறு எங்களுடையது என்று அதே பையன்கள் முன்னால் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "பரவால்லைங்க முதலாளி, செகண்டு விழுந்தாப் போதுங்க" என்றார்.

கட்டாயமாக இழுத்து ஓட்டிய காலத்தில் ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும். உறைபனி நாளில் முதல் ஒரு கிலோமீட்டருக்கு செகண்ட் இன்னும் சற்றுத் தயங்குகிறது. அதனால் டவுனுக்குள் உள்ள கடைகளுக்கு முதலில் சரக்கை இறக்கிவிட்டு, பெட்டி சூடான பிறகே கல்லட்டிப் பக்கம் வண்டி திரும்புகிறது. அந்த யோசனை ஓட்டுநருடையது.