மொட்டை மாடியில் ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். ஆனா போன செமஸ்டர் லீவுல வீட்டு மொட்டை மாடியில் முதல் தடவையா சிக்கன் டிக்கா சுட்டப்போ அந்த மார்க் கை கொடுக்கல. வெளியே கரி, உள்ளே பச்சைக் கறி. அன்னைக்கு ரெண்டு தப்பு செஞ்சேன். ஒண்ணு கோழியைக் கெடுத்துச்சு. இன்னொண்ணு எங்களையே கெடுத்திருக்கும். ரெண்டையும் சொல்றேன், கடைசி வரைக்கும் படிங்க.

தேவையானவை (மூணு பேருக்கு)

- எலும்பில்லாத கோழித் தொடைக்கறி: அரை கிலோ (நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுடும்)
- கெட்டித் தயிர்: 100 கிராம்
- இஞ்சி பூண்டு விழுது, கடலெண்ணெய்: தலா 1 டேபிள்ஸ்பூன்
- காஷ்மீரி மிளகாய்த்தூள்: 2 டீஸ்பூன்
- மல்லித்தூள்: 1 டீஸ்பூன்
- மஞ்சள்தூள், கரம் மசாலா: தலா அரை டீஸ்பூன்
- உப்பு: ஒன்றரை டீஸ்பூன்
- எலுமிச்சம்பழம்: பாதி
- அடுப்புக்கரி: ஒன்றரை கிலோ. எங்கே கிடைக்கும்னு தெருவுல இஸ்திரி போடுற அண்ணன்கிட்ட கேளுங்க.
- கம்பி அல்லது மூங்கில் குச்சி, இடுக்கி, செங்கல், பழைய இரும்புத் தட்டு

1. வெட்டுறதுலதான் பாதி வேலை

என் முதல் தப்பு இங்கேதான். பெரிய பீஸா இருந்தா கெத்தா இருக்கும்னு 5 செ.மீ. கனத்துக்கு வெட்டினேன். வெளியே இருக்கிற சூடு நடுப்பகுதிக்குப் போக ஆகுற நேரம், கனத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபூரியர் நம்பர்னு படிச்சோமே, அதேதான். கனம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. 2.5 செ.மீ. துண்டு 10 நிமிஷத்துல வேகும்னா, என்னோட துண்டுக்கு 40 நிமிஷம் வேணும். அதுக்குள்ள வெளிப்பக்கம் கருகாம என்ன செய்யும்? அதனால எல்லாத் துண்டும் ஒரே அளவு, 2.5-ல இருந்து 3 செ.மீ. வரைக்கும். பெருசும் சிறுசும் ஒரே கம்பியில் வேண்டாம்.

2. மசாலா

கழுவின கறியில் ஈரம் இருக்கக் கூடாது. சுத்தமான துணியால ஒத்தி எடுங்க. மேலே தண்ணி இருக்கிற வரைக்கும் வெப்பம் அதை ஆவியாக்கவே செலவாகும். கறியோட மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனா அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் தர்ற மெயிலார்ட் வினை வேகமா நடக்க 140 டிகிரிக்குப் பக்கத்துல வேணும். தயிரையும் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்க விட்டுத் தண்ணியை வடிச்சிடுங்க.

எல்லாத்தையும் கலந்து பிசறி, மூடி, ஃபிரிட்ஜ்ல 4 மணி நேரம் வைங்க. ராத்திரி முழுக்க வைக்கிறதா இருந்தா எலுமிச்சைச் சாறை மட்டும் சுடுறதுக்கு முன்னாடி சேருங்க. புளிப்பு அதிக நேரம் ஊறினா கறியோட வெளிப்பக்கம் கூழாயிடும்.

3. கம்பியில் கோர்க்கிறது

இரும்புக் கம்பி சூட்டைக் கறியோட நடுவுக்கும் கடத்தும், மூங்கில் கடத்தாது. உருண்டைக் கம்பியை விடத் தட்டைக் கம்பி நல்லது. திருப்பும்போது கம்பி மட்டும் சுத்தி, கறி அப்படியே நிக்காது. மூங்கில்னா அரை மணி நேரம் தண்ணியில் ஊற வைங்க. துண்டுகளை நெருக்கிக் கோர்க்காதீங்க. நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருந்தா பக்கவாட்டுலயும் வேகும்.

4. தீ

தரை வெடிக்காம இருக்க, கீழே செங்கல் பரப்பி, அது மேல இரும்புத் தட்டு வைங்க. ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கினா கம்பி வைக்க மேடை ரெடி. கரிக்கும் கறிக்கும் 10 செ.மீ. இடைவெளி போதும். மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, கறியில் அந்த நாத்தம் ஏறிடும். தேங்காய் நாரும் கொஞ்சம் கற்பூரமும் போதும்.

பத்த வச்சதும் சுட ஆரம்பிக்காதீங்க. கரி மேல சாம்பல் பூத்து, தீ நாக்கு அடங்க 20, 25 நிமிஷம் ஆகும். கரியை ஒரு பக்கமாக் குவிங்க, மறுபக்கம் காலியா இருக்கட்டும். கொழுப்பு சொட்டித் தீ கிளம்பினா கம்பியைக் காலிப் பக்கத்துக்கு நகர்த்திடலாம். தண்ணி தெளிச்சா சாம்பல் பறந்து கறியில்தான் ஒட்டும்.

5. சுடுறது

ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்புங்க. மொத்தம் 10, 12 நிமிஷம். மேலே தடவ உருக்கின வெண்ணெய் போதும். கறி ஊறின மசாலாவைத் தடவாதீங்க, அது பச்சைக் கறி தொட்டது. பச்சைக் கறி இருந்த தட்டுல வெந்ததை வைக்கவும் கூடாது.

வெளி நிறத்தை நம்பாதீங்க. நடுப்பகுதி 74 டிகிரி தொடணும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தா குத்திப் பாருங்க. இல்லைன்னா இருக்கிறதுலயே பெரிய துண்டை வெட்டிப் பாருங்க. பச்சையாத் தெரிஞ்சா திரும்பக் கரிக்கு மேல.

இப்போ அந்த ரெண்டாவது தப்பு

பாதி சுடும்போது மழை வந்துடுச்சு. கறி வீணாப் போகக் கூடாதுன்னு நானும் சித்தி பையனும் கரித் தட்டை அப்படியே தூக்கி மாடிப்படி ரூமுக்குள்ள வச்சோம். சாரல் அடிக்குதுன்னு கதவையும் சாத்தினோம். புகையே இல்லை, கரி நல்லாச் சிவந்திருந்துச்சு. கொஞ்ச நேரத்துல தம்பி "அண்ணா, தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு"ன்னான். வெக்கைதான்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே அம்மா மேல வந்து, கதவைத் திறந்து, ரெண்டு பேரையும் மழையில் வெளியே இழுத்தாங்க. கொஞ்ச நேரம் வெளியே உக்கார்ந்ததும் அவனுக்குச் சரியாச்சு.

அது வெக்கை இல்லை, கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். புகை இல்லாத கரிதான் பாதுகாப்புன்னு நான் நினைச்சதுதான் பெரிய தப்பு. ஜன்னல் ஒண்ணு திறந்திருந்தாலும் போதாது. வீட்டுக்குள்ள, ஹாஸ்டல் ரூமுக்குள்ள, மூடின பால்கனியில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மழை வந்தா தட்டை அங்கேயே விட்டுட்டுக் கறியை மட்டும் எடுத்துட்டுக் கீழே போங்க. மிச்சத்தைத் தோசைக்கல்லுல சுட்டுக்கலாம்.

முடிஞ்சதும் கரியைத் தண்ணி ஊத்தி முழுசா அணைங்க. அணைஞ்ச மாதிரி தெரியுற கரியும் உள்ளே மணிக்கணக்கா கனன்னுட்டு இருக்கும்.

அடுத்த லீவுல முயற்சி பண்ணிப் பாருங்க. துண்டு 2.5 செ.மீ., அடுப்பு வானத்துக்குக் கீழே. இந்த ரெண்டை மறக்காம இருந்தா, மத்ததெல்லாம் ரெண்டாவது தடவையில் தானா கைக்கு வந்துடும்.